பங்காளி வீட்டு ஜன்னல்

என் மகள் ஸ்ருதியின் நிச்சயதார்த்தத்துக்கு அழைப்பு அனுப்பியாயிற்று என்பதோடு போன வாரம் நிறுத்தியிருந்தேன். அச்சடித்த பத்திரிகை இல்லை. மாப்பிள்ளை ஹரிபிரசாத் வீட்டார் சின்னாளபட்டிக்காரர்கள். செல்போனில் திறந்து பார்க்கிற மாதிரி வேண்டும் என்று அவர்கள்தான் கேட்டார்கள். என் மருமகள் சுபலட்சுமி செய்து கொடுத்தாள். மேலே அம்மன் படம், அதன் கீழே ஸ்ருதியின் படம், அதற்கும் கீழே பங்காளிகள் பெயர். பார்க்க லட்சணமாகவே இருந்தது.

அந்தப் பங்காளிகள் பெயரைப் பற்றி இப்போது சொல்லியாக வேண்டும்.

எங்கள் வகையில் அழைப்பில் பங்காளிகள் பெயர் இல்லாவிட்டால் அந்த வீடு உடைந்த வீடு என்று அர்த்தம். அதற்காக நாமாக எழுதிவிடவும் கூடாது. வெற்றிலை பாக்கோடு அவர்கள் வாசலுக்குப் போய், பேர் கொடுங்கள் என்று கேட்க வேண்டும். அவர்கள் வரிசையாகச் சொல்ல, நாம் எழுதிக்கொள்ள வேண்டும். கேட்காமல் பெயர் போடுவது இறந்தவர்களுக்கு மட்டும்தான்.

எனக்கு இருக்கிற ஒரே பங்காளி என் தம்பி பொம்மையா. பாளையம்பட்டியில் இருக்கிறான். கோயில் திருவிழாவில் முதல் மரியாதை யாருக்கு என்பதில் எங்களுக்குள் தகராறு வந்தது. முதல் மரியாதை மூத்தவனுக்கு. இதில் பேச எதுவும் இல்லை. அவன் பேசினான். அன்றிலிருந்து நான் அவனோடு பேசவில்லை.

அவன் மகன் சந்தீப்தான் எங்கள் சமூகத்துச் சபையின் வெப்சைட்டைப் பார்த்துக்கொள்கிறான். அதில் ஒவ்வொரு வீட்டாரும் தாங்களாகவே கொடுத்த பெயர்கள் இருக்கின்றன. நம் பக்கத்தில் ஒரு ஜன்னல் மாதிரி வைத்தால் அதிலுள்ள பொம்மையா வீட்டுப் பக்கம் அப்படியே இதற்குள் தெரியும் என்று சுபலட்சுமி ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னாள். அதற்கு ஃபிரேம் என்று பெயராம். வை என்றேன். பெயர் அவர்கள் கொடுத்தது, இடம் நம்முடையது. நான் யார் வாசலிலும் போய் நிற்கவில்லை. யாரும் என்னைக் குறை சொல்லவும் முடியாது. அன்று எனக்கு நல்ல தூக்கம்.

நிச்சயதார்த்த நாள் வந்தது.

லிங்கையா, அதாவது மாப்பிள்ளையின் அப்பா, குடும்பத்தோடு வேனில் புறப்பட்டிருந்தார். மல்லாங்கிணற்றில் அவர்களுக்குச் சொந்தக்காரர் வீடு ஒன்று உண்டு. அங்கே மதியச் சாப்பாடு, பிறகு அருப்புக்கோட்டையில் எங்கள் வீடு என்று ஏற்பாடு. பொழுது சாய்வதற்குள் தட்டு மாற்றிவிட வேண்டும் என்று நாள் குறித்தவர் சொல்லியிருந்தார். சுபலட்சுமியின் கணவன், என் மகன் அரவிந்த்குமார், மாலையும் பூவும் வாங்கி வரப் போயிருந்தான்.

மதியத்துக்குப் பிறகு போன் வந்தது. லிங்கையாவின் குரல் தாழ்ந்து இருந்தது. கோபத்தில் குரல் தாழ்கிறவர்களிடம்தான் எனக்குப் பயம்.

சாப்பிட்டு முடித்துச் சொந்தக்காரப் பெண்களுக்கு வரப்போகிற மருமகள் படத்தைக் காட்டலாம் என்று அழைப்பைத் திறந்திருக்கிறார். ஸ்ருதியின் படத்துக்கு நேர் கீழே, பங்காளிகள் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், சூதாட்ட விளம்பரம். சீட்டுக்கட்டும் கையுமாக அரைகுறை உடையில் இரண்டு பெண்கள் கண்ணடித்துக் கூப்பிடுகிறார்களாம். போன் கை மாறிக் கை மாறி வீடு முழுக்கச் சுற்றி வந்துவிட்டது. ஒரு கிழவர் சிரித்தாராம்.

"இத யாரு வச்சான்னு எனக்குத் தெரியணும் சம்பந்தி. தெரியாம வேன் இங்கிருந்து கெளம்பாது" என்றார் லிங்கையா.

சுபலட்சுமியின் லாப்டாப்பில் பார்த்தோம். ஒன்றும் இல்லை. பொம்மையா குடும்பத்தின் பெயர்கள் ஒழுங்காக வரிசையில் நின்றன. சம்பந்தம் பிடிக்காமல் சாக்குத் தேடுகிறார்களோ என்றுகூட ஒரு நிமிடம் நினைத்தேன். அதற்குள் என் மனைவி சௌடம்மாள் தன் போனைக் கொண்டுவந்து நீட்டினாள்.

பார்த்தேன். போனைக் கவிழ்த்து வைத்தேன்.

ஸ்ருதி அறை வாசலில் பட்டுப்புடவையோடு நின்றுகொண்டிருந்தாள். அவள் கையிலும் போன் இருந்தது. உள்ளே போனாள். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

எனக்கு யோசிக்க எதுவும் இருக்கவில்லை. பெயர்கள் பொம்மையா வீட்டுப் பெயர்கள். பக்கம் அவன் மகன் கையில் இருப்பது. என் மகள் படத்துக்குக் கீழே அந்த அசிங்கத்தை வைக்க யாருக்கு மனம் வரும் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். லிங்கையாவைக் கூப்பிட்டேன்.

"இது என் தம்பி பொம்மையா செஞ்ச வேலை. சபைப் பக்கம் அவன் மகன் கையில இருக்கு. எங்க வீட்டுக்கு இதுல பங்கு கெடையாது."

முதலில் அதை எடுங்கள், மற்றதைப் பிறகு பேசுவோம் என்று அவர் வைத்துவிட்டார்.

"மாமா, யாரு செஞ்சதுன்னு நான் இன்னும் பாக்கவே இல்லையே" என்றாள் சுபலட்சுமி.

"பாக்க என்ன இருக்கு?"

அவள் லாப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். வீட்டிலிருந்தபடியே ஒரு மதுரைக் கம்பெனிக்கு வேலை பார்க்கிறவள் அவள். மற்றவர்கள் செய்த வெப்சைட்டில் குற்றம் கண்டுபிடிப்பதுதான் வேலை. அதற்குச் சம்பளமும் உண்டு என்று அறிந்தபோது, மருமகள்களுக்கு இப்படி ஒரு உத்தியோகம் இருப்பது எனக்குத் தெரியாமல் போயிற்றே என்று சௌடம்மாளிடம் சொல்லியிருக்கிறேன்.

ஒரு பொத்தானை அழுத்தினாள். அழைப்பு ஒரு பக்கமாக ஒதுங்கி, மறுபக்கம் எழுத்தும் எண்ணுமாக ஒரு பலகை திறந்தது. அதுதான் டெவலப்பர் கன்சோலாம். பக்கத்தின் உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டால் பதில் சொல்லுமாம். இன்னொன்றை அழுத்தியதும் அழைப்பு செல்போன் அகலத்துக்குச் சுருங்கியது. பக்கத்தைப் புதிதாகத் திறந்தாள். உடனே அந்த இரண்டு பெண்களும் வந்துவிட்டார்கள். சௌடம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"போன்ல பாக்குறவுகளுக்கு மட்டும்தான் வருது. அதான் லாப்டாப்புல தெரியல."

அந்த விளம்பரப் பெட்டி எங்கே இருக்கிறது என்று கன்சோலில் எழுதிக் கேட்டாள். இல்லை என்று பதில் வந்தது. வேறு மாதிரி கேட்டாள். அதற்கும் இல்லை. கண்ணெதிரே கண்ணடித்துக்கொண்டிருப்பதை இல்லை என்று அது சாதித்தது. அவள் உதட்டைக் கடித்தபடி அந்தப் பலகையை மேலும் கீழும் நகர்த்தினாள்.

பிறகு தன் தலையில் தானே தட்டிக்கொண்டாள்.

"நான் நம்ம வீட்ல நின்னுக்கிட்டுத் தேடுறேன் மாமா. நம்ம வீட்ல இல்லன்னு அது சரியாத்தான் சொல்லுது."

கன்சோலின் மேலே ஒரு சின்னக் கட்டம் இருந்தது. அதைத் தொட்டதும் ஒரு பட்டியல் இறங்கியது. முதலில் எங்கள் பக்கம். அதற்குக் கீழே சற்று உள்தள்ளிச் சபையின் பக்கம். அது நான் எதிர்பார்த்ததுதான். ஆனால் சபைக்கும் கீழே, இன்னும் உள்தள்ளி, மூன்றாவதாக ஒன்று இருந்தது. அந்த முகவரியை நாங்கள் யாரும் கேள்விப்பட்டதில்லை.

சபையைத் தேர்ந்தெடுத்துவிட்டுக் கேட்டாள். விளம்பரம் அங்கேயும் இல்லை. மூன்றாவதைத் தேர்ந்தெடுத்துக் கேட்டாள். இருக்கிறேன் என்று வந்தது.

"ஜன்னலுக்குள்ள இன்னொரு ஜன்னல் இருக்கு மாமா. சபைப் பக்கத்துல யாரோ ஒரு பஞ்சாங்க நாள்காட்டி வச்சிருக்காக. ஓசியில குடுக்குறது. அத நடத்துனவன் அந்த முகவரிய விட்டுட்டான் போல. சூதாட்டக்காரன் இப்பத்தான் எடுத்துக்கிட்டான். இவுக நாள்காட்டின்னு நெனச்சுத் தெறந்து வச்ச ஜன்னல்ல இப்ப அவன் நிக்கிறான்."

"அந்த நாள்காட்டிய வச்சது யாரு? அவன்தானே?"

அது இங்கிருந்து தெரியாது என்றாள். எனக்கு அதுவே போதுமாயிருந்தது. வேண்டுமென்றோ விவரம் இல்லாமலோ, பாளையம்பட்டியிலிருந்து வந்த கேடுதானே.

அவள் ஏதோ எழுதி அழுத்தினாள். விளம்பரம் மறைந்தது. அதன் பின்னாலிருந்த பெயர்கள் பளிச்சென்று வந்தன. எனக்கு உயிர் வந்தது. அவள் திரும்பிப் பார்ப்பதற்குள் நான் போனை எடுத்து லிங்கையாவிடம் சொல்லிவிட்டேன். எடுத்தாயிற்று, என் மருமகள் எடுத்துவிட்டாள், இப்போது திறந்து பாருங்கள் என்றேன். பெருமையாகவே சொன்னேன்.

மறுமுனையில் அவர் மனைவி திறந்து பார்ப்பது கேட்டது. பிறகு ஒரு பெண்குரல், "அய்யய்ய, இப்பப் பெருசா வருது" என்றது. போன் வைக்கப்பட்டது.

"மாமா, என்ன செஞ்சீக?" என்றாள் சுபலட்சுமி. "நான் எடுத்தது இந்த லாப்டாப்பு கண்ணுக்கு மட்டும்தான். எதுல இருந்து வருதுன்னு நிச்சயம் பண்ணுறதுக்காக மறைச்சுப் பாத்தேன். மறுபடி தெறந்தா மறுபடி வரும்."

திறந்து காட்டினாள். வந்தது.

அழுக்கை நம் கண்ணாடியில் துடைத்துவிட்டு ஊர் சுத்தமாகிவிட்டது என்று தண்டோரா போட்டிருக்கிறேன். அறுபத்தாறு வயதில், சம்பந்தி காதில்.

இந்த ஊரில் என் வார்த்தைக்கு யாரும் இரண்டாம் முறை கேள்வி கேட்டதில்லை. அன்று ஒரே மதியத்தில் என் வார்த்தை பொய்யாகிவிட்டது. வாசலில் வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தவர்கள் கட்டலாமா வேண்டாமா என்று கேட்காமல் கேட்டு நின்றார்கள்.

நம் பக்கத்திலிருந்தே நிரந்தரமாக அதை மறைக்கச் சுபலட்சுமி பார்த்தாள். கன்சோலில் சிவப்பு எழுத்தில் மறுப்பு வந்தது. ஒரு வீட்டுப் பக்கம் இன்னொரு வீட்டுப் பக்கத்துக்குள் கை வைக்க பிரவுசர் விடாதாம். ஜன்னல் வழியாகப் பார்க்கலாம், உள்ளே நுழைந்து சாமானை நகர்த்த முடியாது. ஜன்னலுக்குக் கட்டுப்பாடு போட்டுப் பார்த்தாள். விளம்பரத்தோடு சேர்ந்து பெயர்களும் மறைந்தன.

"ரெண்டே வழிதான் மாமா. மொத்த ஜன்னலையும் நம்ம எடுத்துரலாம். இப்பவே எடுத்துருவேன். இல்ல, சந்தீப்பு அவுக பக்கத்துல இருந்து நாள்காட்டிய எடுக்கணும்."

ஜன்னலை எடுத்தால் பங்காளி இல்லாத அழைப்பு. பெரியவர்கள் கூடியிருக்கிற வேனில் அதைத்தான் முதலில் கவனிப்பார்கள். பெயர்களை நாமே எழுதிவிடலாமே என்று சௌடம்மாள் மெல்லச் சொன்னாள். கேட்காமலா என்றேன். உயிரோடு இருக்கிறவனைச் செத்தவன் வரிசையில் எழுதிய பழியும் என்னோடு சேரட்டும் என்கிறாயா என்றேன். என் தம்பி எனக்கு ஆகாதவன்தான். ஆனால் அவன் பெயரை நான் அடித்தேன் என்று ஊர் சொல்லக் கூடாது.

சந்தீப்புக்குச் சுபலட்சுமி போன் செய்தாள். எடுக்கவில்லை. திரும்பத் திரும்பச் செய்தாள். பிறகு அவன் போனை அணைத்துவிட்டது தெரிந்தது. பொம்மையாவின் மனைவிக்கும் மல்லாங்கிணறுதான் பிறந்த ஊர். நான் லிங்கையாவிடம் சொன்னது எந்த வழியாக எந்த வீட்டுக்குப் போயிருக்கும் என்று சௌடம்மாள் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மொத்த ஜன்னலையும் எடுத்துவிடு என்று சொல்ல வாயெடுத்தேன். ஸ்ருதியின் அறைக்குள்ளிருந்து குரல் வந்தது. கதவு திறக்கவில்லை.

"அப்பா, சித்தப்பாகிட்ட போங்க. போக மாட்டீகன்னா வேனத் திரும்பிப் போகச் சொல்லிருங்க. நான் புடவைய மாத்திக்கிறேன். ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க, இப்படி உக்காத்தி வைக்காதீக."

அழுத குரல் இல்லை. அழுதிருந்தால் அதட்டியிருப்பேன்.

ஆட்டோ பிடித்தோம். நானும் சுபலட்சுமியும். லாப்டாப்பைப் பையில் வைக்கும்போது சௌடம்மாள் எதையோ சேர்த்து உள்ளே வைத்தாள். பார்க்காதது போல இருந்தேன். வெற்றிலையின் வாசனை ஆட்டோவுக்குள் வந்தது.

பாளையம்பட்டியில் பொம்மையாவின் வீட்டுக்கு எதிர்ப்புறம் இப்போது ஒரு மாடி எழும்பியிருந்தது. இடமே மாறிவிட்டது. சுபலட்சுமிதான் கதவைக் கண்டுபிடித்தாள். பொம்மையா பனியனோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். பக்கத்து நாற்காலியின் முதுகில் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை தொங்கியது. எங்கே போவதற்கோ.

என்னைப் பார்த்து எழுந்து நின்றான். அந்த மரியாதை மட்டும் மாறவில்லை. வாய்தான் மாறியிருந்தது. எங்கள் வகையில் வீட்டுக்குள் கன்னடம்தான் பேச்சு. அவன் அதிலும் என்னை வெளியாளைப் போல விளித்தான். தமிழில் சொன்னால் இப்படி வரும்:

"வாங்க. நான் சூதாட்டம் நடத்துற எடம் இதுதான். உள்ள வந்து நல்லாப் பாத்துக்கிடுங்க."

சந்தீப்பைக் கூப்பிடு என்றேன்.

"பேர் கேக்க வராத வாசலுக்கு வேலை ஏவ மட்டும் வந்துட்டீகளாக்கும்."

சுபலட்சுமி பையைத் திறந்தாள். லாப்டாப்பை வெளியே எடுத்து, மூடிய அதன் மேல் வெற்றிலையையும் பாக்கையும் வைத்து, என் கைகளில் கொடுத்தாள். நிச்சயத்துக்கு வாங்கிய வெள்ளித் தட்டு வீட்டில் இருக்க, என் தம்பி முன்னால் நான் நீட்டிய தட்டு அதுதான்.

"பேர் குடு, பொம்மையா" என்றேன்.

அவன் வெற்றிலையைப் பார்த்தான். எடுக்கவில்லை.

"மொதல்ல என் பேர எனக்குத் திருப்பிக் குடுங்க. மல்லாங்கிணத்துல போட்டு ஒடச்சீகளே, அத."

சந்தீப் உள்ளேயிருந்து வந்தான். பெரியவர்கள் பேசி முடிக்கட்டும் என்று காத்திருந்தவன் போல இருந்தது. வெற்றிலையை நாற்காலி மேல் வைத்துவிட்டுச் சுபலட்சுமி அவனுக்குக் கன்சோலைத் திறந்து காட்டினாள். எங்கள் பக்கம், அதற்குள் சபை, அதற்குள் மூன்றாவது. அவன் முகம் செத்துப்போயிற்று. நான் எப்போதும் லாப்டாப்பில்தான் பார்ப்பேன் அண்ணி, இது எனக்குத் தெரியவே தெரியாது என்றான். அவன் முகத்தைப் பார்த்தால் பொய் என்று சொல்ல முடியவில்லை.

சபைப் பக்கத்தைத் திறந்து நாள்காட்டியை எடுத்தான். சுபலட்சுமி செல்போன் அகலத்தில் திறந்தாள். பெயர்கள் மட்டும் வந்தன. தன் போனில் திறந்தாள். பெயர்கள் மட்டும். கன்சோலின் மேல்கட்டத்தை மறுபடி இறக்கிக் காட்டினாள். பட்டியலில் இப்போது எங்கள் பக்கமும் சபையும்தான் இருந்தன. நான் என் போனிலும் பார்த்துக்கொண்டேன். ஒருமுறை பட்டது போதும்.

வந்த காரியம் முடிந்திருந்தது. ஆனாலும் என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை. குற்றம் இந்த வீட்டில் இருக்கிறது என்ற ஒரு பிடியாவது எனக்கு வேண்டியிருந்தது.

"இந்த நாள்காட்டிய வச்சது யாரு?"

சந்தீப் தன் அப்பாவைப் பார்த்தான். பொம்மையா தெருவைப் பார்த்தான்.

"கேக்குறாருல்ல. சொல்லுலே."

"அரவிந்த் அண்ணன்தான் பெரியப்பா."

எந்த அரவிந்த் என்று கேட்டேன். கேட்ட எனக்கே வெட்கமாயிருந்தது.

ஸ்ருதிக்கு நாள் பார்த்தபோது வைத்தாராம். முகூர்த்த நாள் பார்க்க எல்லோருக்கும் வசதியாக இருக்கும் என்று அவராகவே செய்து கொடுத்தாராம். சபைப் பக்கத்தில் பாதி வேலை அண்ணன் செய்ததுதான் என்றான். அவன் இங்கே வருவானா என்றேன். வியாழக்கிழமைதோறும் வருவார் என்றான்.

வியாழக்கிழமைதோறும் என் மகன் திருச்சுழிக் கடைகளுக்குச் சேலை கொண்டுபோகிறான். அப்படித்தான் என்னிடம் சொல்லியிருக்கிறான். சுபலட்சுமியின் விரல்கள் விசைப்பலகையின் மேல் அப்படியே நின்றுவிட்டன. அவளிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறான்.

பொம்மையா என் பக்கம் திரும்பினான். அவன் கண்ணில் வெற்றி இருக்கும் என்று எதிர்பார்த்தேன். இல்லை.

"எந்தப் போன்ல சொன்னீகளோ அதே போன்ல சொல்லிருங்க. நான் வேற எதுவும் கேக்கல."

சொல்வதற்கு இரண்டு பெயர்கள் இருந்தன. தம்பி பெயரை மீட்டால் மகன் பெயர் போகும். பெண்ணுக்குத் தமையன் அவன். சாயங்காலம் எல்லோர் முன்னாலும் தட்டோடு நிற்க வேண்டியவன். வேனில் இருப்பவர்கள் அவனைப் பார்த்து அந்த இரண்டு பெண்களையும் நினைத்துக்கொண்டால், ஸ்ருதி அந்த வீட்டில் எப்படி வாழ்வாள்? வெளியே வெயில் சாய ஆரம்பித்திருந்தது.

லிங்கையா உடனே எடுத்தார்.

"பக்கம் சரியாயிருச்சு சம்பந்தி. பாத்துட்டுத்தான் சொல்றேன். என் தம்பிக்கு இதுல பங்கு இல்ல. நான் விசாரிக்காமச் சொல்லிட்டேன். தப்பு எங்க வீட்லதான்."

அங்கே யாரோ அழைப்பைத் திறந்து பார்க்கிறார்கள் என்று புரிந்தது. பிறகு அவர் கேட்டார்.

"உங்க வீட்ல யாரு?"

சுபலட்சுமி தலையைக் குனிந்துகொண்டாள்.

"நான்" என்றேன். "அந்த ஜன்னல வைக்கச் சொன்னது நான். தம்பி வாசலுக்குப் போயி பேர் கேக்கணும். போகாம இருக்குறதுக்காக வைக்கச் சொன்னேன்."

பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை. என் வீட்டைக் காக்க அந்த அளவுதான் என்னால் முடிந்தது.

லிங்கையா பெருமூச்சு விட்டது கேட்டது. "இப்பக் கேட்டாச்சா?" என்றார்.

பொம்மையாவைப் பார்த்தேன். அவன் குனிந்து நாற்காலி மேலிருந்த வெற்றிலையை எடுத்தான். சுபலட்சுமியைப் பார்த்து, "எழுதிக்கம்மா" என்றான். தன் பெயர், மனைவி பெயர், சந்தீப்பின் பெயர் என்று வரிசையாகச் சொன்னான். அவள் ஜன்னலை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒவ்வொன்றாக எழுதினாள்.

"கேட்டாச்சு" என்றேன் போனில்.

"சரி. வேன எடுக்கச் சொல்றேன். உங்க தம்பியும் வாசல்ல நிக்கட்டும்."

பொம்மையா குளித்துவிட்டு வந்து வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டான். நான் வா என்று சொல்லவில்லை. அவன் கேட்கவும் இல்லை. ஆட்டோவில் எனக்கும் சுபலட்சுமிக்கும் இடையே வந்து உட்கார்ந்தான். சந்தீப் தன் அம்மாவைப் பின்னால் பைக்கில் அழைத்து வருவதாகச் சொன்னான்.

பாதி வழியில் பொம்மையா முன்னால் பார்த்தபடியே சொன்னான்.

"அரவிந்து என் வீட்டுக்கு எதுக்கு வாரான்னு நீ கேக்கவே இல்லையேண்ணே."

'வாங்க' போய் 'நீ' வந்ததைக் கவனித்தேன். அதில் மகிழ நேரமில்லை.

"சபை வேலைன்னு உன் மகன் சொன்னானே."

"அது வந்த எடத்துல செஞ்ச வேலை."

"அப்ப எதுக்கு வாரான்?"

"இன்னைக்கு வேணாம். தட்டு மாறட்டும்" என்றான். அவனிடம் அதற்கு மேல் வாங்க முடியாது என்று எனக்குத் தெரியும். என் தம்பி அல்லவா. சுபலட்சுமி தெருவைப் பார்த்துக்கொண்டு வந்தாள். லாப்டாப் பையை மடியில் வைத்து இரண்டு கைகளாலும் பிடித்திருந்தாள்.

எங்கள் தெருமுனையில் சின்னாளபட்டி வேனும் எங்களுக்குப் பின்னால் திரும்பியது. வாழைமரம் கட்டி முடித்திருந்தார்கள். ஸ்ருதி புடவை மாற்றாமல் சௌடம்மாளின் பக்கத்தில் நின்றாள். அவர்களுக்கு முன்னால் அரவிந்த்குமார், பூக்கூடையைத் தோளில் வைத்துக்கொண்டு.

ஆட்டோவிலிருந்து முதலில் நான் இறங்கினேன். என்னைப் பார்த்து ஓடி வந்தான். அடுத்து பொம்மையா இறங்கினான்.

அரவிந்த் நின்றுவிட்டான். கூடை மெல்ல இறங்கித் தரையைத் தொட்டது. அண்ணனும் தம்பியும் ஒரே வண்டியில் வந்ததைப் பார்த்து அந்தத் தெருவே முகம் மலர்ந்தது. என் மகன் முகத்தில் மட்டும் பயம் இருந்தது. அவன் என்னையும் பார்க்கவில்லை, தன் மனைவியையும் பார்க்கவில்லை. சித்தப்பாவின் முகத்தையே பார்த்தான், சொல்லிவிட்டீர்களா என்று கேட்பதைப் போல.

பொம்மையா இல்லை என்று தலையை அசைத்தான்.

பின்னால் வேன் கதவு திறந்தது. நான் கை கூப்பிக்கொண்டு திரும்பினேன்.